வண்டியின் வாலில் ஒரு வண்டி

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே சாலையோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கே.எல். 19 என்று ஒரு வண்டி போகும், டி.என். 75 என்று அடுத்தது வரும், இரண்டையும் முந்திக்கொண்டு கே.எல். 20 ஒன்று பறக்கும். முதலாவது பாறசாலை, இரண்டாவது மார்த்தாண்டம், மூன்றாவது நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பிறகும் கல்யாணமும் சந்தையும் ரப்பர் ஷீட்டும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதே பாறசாலையில்தான் கேரளத்தின் மலையோர நெடுஞ்சாலை தொடங்குகிறது. மாநில நெடுஞ்சாலை 59 என்பது அதன் எண். வடக்கே காசர்கோடு மாவட்டத்தின் நந்தாரப்படவு வரை, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் மலையடிவாரத்தை ஒட்டியே போகும் திட்டம் அது. கேரளச் சுற்றுலாத் துறை 2021 செப்டம்பரில் ‘கேரவன் கேரளா’ என்ற கொள்கையை அறிவித்தது. 2022-இல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் வண்டி என்று நாம் அறிந்திருந்த கேரவன், குடும்பத்தோடு ஊர் சுற்றும் வீடாக மாறத் தொடங்கியிருக்கிறது. கட்டிலும் அடுப்பும் வைத்த வேனில் கிளம்புகிறவருக்குப் பாறசாலையைவிடப் பொருத்தமான முதல் மைல்கல் கிடையாது.

ஆனால் வேன் எல்லா இடத்துக்கும் போகாது. வெள்ளறடை, பனச்சமூடு, அம்பூரி என்று கிழக்கே போகப் போகச் சாலை மெலிந்துகொண்டே வரும். எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது பின்னால் எடுத்தாக வேண்டும். குருசுமலை, காளிமலை அடிவாரங்களில் தார் முடிந்து செம்மண்ணும் கல்லும் தொடங்கும் இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, மிச்ச தூரத்துக்கு ஒரு சின்ன வண்டி இருந்தால் எவ்வளவு வசதி! பால் பாக்கெட் வாங்கவும் அதுவே போதும். வேனின் பின்பக்கம் ஒரு தாங்கி அடித்து மலைப்பாதைக்கான பைக் ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இங்கேதான்.

எந்த பைக் என்று கேட்டால் பலரும் மலையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நான் வேனின் பின் அச்சைப் பார்க்கச் சொல்வேன்.

பின்பாரம் என்னும் பழைய கணக்கு

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்கள் நன்றாகத் தெரியும். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அந்த வண்டிக்கு ஒரே அச்சு. வேனுக்கு இரண்டு அச்சு என்றாலும் விதி அதேதான்: பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எந்த எடையும் முன் அச்சைத் தூக்கும்.

எவ்வளவு தூக்கும் என்பதை நெம்புகோல் கணக்கே சொல்லிவிடும். நம் நாட்டில் கேரவனாக மாற்றப்படும் வண்டிகளில் ஒன்று ஃபோர்ஸ் டிராவலர். அதன் ஒரு வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3,350 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதி 93, பின் அச்சுக்கு அப்பால் வண்டியின் வால் அச்சு இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 3.35 மீட்டரில் 60 சதவீதம் சுமார் 2 மீட்டர். அந்த எல்லைப் புள்ளியில் ஒரு பாரத்தை வைத்தால் பின் அச்சில் ஏறுவது அந்தப் பாரத்தைப் போல 1.6 மடங்கு, முன் அச்சிலிருந்து குறைவது 0.6 மடங்கு. பைக் எல்லைக்கு உள்ளேதான் நிற்கும் என்பதால் உண்மையில் 1.5 மடங்கு அளவில் வரலாம். கணக்கு எளிதாக இருக்க 1.6 என்றே வைத்துக்கொள்வோம்.

பைக் 160 கிலோ, இரும்புத் தாங்கி 40 கிலோ, மொத்தம் 200. பின் அச்சில் கூடுவது 320 கிலோ. முன் அச்சில் குறைவது 120 கிலோ. இருநூறு கிலோதான் ஏற்றினோம். பின் டயருக்கு அது ஏறக்குறைய இரண்டரை மூட்டை சிமென்ட் கூடுதலாகத் தெரிகிறது. நாலு பேர், துணிமணி, நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று ஏற்கனவே பின் அச்சு சுமந்துகொண்டிருக்கும் பாரத்தின் மேல் இது. வண்டியின் மொத்த எடை அனுமதிக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் அதன் வரம்பைத் தாண்டிவிடுவது இப்படித்தான்.

முன் அச்சு இழக்கும் 120 கிலோவும் சாதாரண விஷயமில்லை. திருப்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. மேலேறும் கொண்டை ஊசி வளைவில் எடை இயல்பாகவே பின்னுக்குப் போகும். அந்த நேரம் சாலை நனைந்திருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி கொஞ்சம் நேராகவே வழுக்கும். இரவில் முகப்பு விளக்கு சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டதே என்று ஓட்டுநர் மகிழ்ந்தால், அது மகிழ வேண்டிய லேசு இல்லை.

இன்னொன்றும் உண்டு. வண்டி வளைவில் திரும்பும்போது ஒவ்வொரு பாரமும் திரும்ப மறுக்கும். திரும்பத் தொடங்கிவிட்டால் நிற்க மறுக்கும். அந்தப் பிடிவாதம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். வண்டியின் எடை மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த 200 கிலோவின் பிடிவாதம் 1 என்றால், வாலில் 3.3 மீட்டர் தள்ளி வைத்த அதே 200 கிலோவின் பிடிவாதம் கிட்டத்தட்ட 11. நேர்ச்சாலையில் இது தெரியாது. சட்டென்று ஒதுங்கி மீண்டும் நேராக வரும்போது வால் ஒருமுறை கூடுதலாக ஆடும், அப்போது தெரியும்.

கடைசியாக வால் தரையைத் தட்டும் பிரச்சினை. தாங்கியின் முனை அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் அது உரசும். பிரதான சாலையிலிருந்து வீட்டு முற்றத்துக்குச் செங்குத்தாக ஏறும் கான்கிரீட் சரிவுகள் எல்லைக் கிராமங்களில் ஏராளம். அவற்றில் பல இந்தக் கணக்கில் தோற்றுப்போகும்.

சட்டம் எதைப் பார்க்கும்

தாங்கி அடிப்பது பட்டறைக்காரருக்கு ஒரு நாள் வேலை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை உறுதிப்படுத்தி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு கேரளத்திலிருந்தே போனது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூபில் பிரபலமான இரண்டு சகோதரர்களின் கேரவனை விதிமீறிய மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை பிடித்துவைத்தது கேரளம் முழுக்கப் பேச்சானது. அனுமதித்த அளவுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 194-ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய்.

ஆகவே தாங்கி வண்டியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். பைக்கை ஏற்றிய பிறகும் வேனின் நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் தெரிய வேண்டும். தாங்கியை பம்பரில் பற்றவைக்காமல் சேஸியில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் 200 கிலோ ஒரு நொடிக்கு 400 கிலோவாகக் கனக்கும். அந்த அடி ஆயிரம் முறை விழுந்தால் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் விடும். முதலிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, வேண்டிய ஒப்புதலைக் கையில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குவதே மேல்.

பைக்குக்கும் இதே பாடம். சாலையில் ஓட்டத்தக்க பைக் என்றால் பதிவெண், காப்பீடு, விளக்குகள், இண்டிகேட்டர் எல்லாம் இருக்க வேண்டும். கவாசாகி கே.எல்.எக்ஸ். 140 போன்ற பந்தயத்தடப் பைக்குகள் பார்க்க லேசாகவும் அழகாகவும் இருக்கும். அவற்றை இங்கே பதிவுசெய்ய முடியாது. பதிவில்லாத பைக்கை வேனிலிருந்து இறக்கினால் பக்கத்து டீக்கடை வரைகூடச் சாலையில் ஓட்டக் கூடாது.

மலைப்பாதை என்ன கேட்கிறது

இப்போது பைக்கைப் பார்ப்போம். மண்பாதையில் போக மூன்று வேண்டும் என்பார்கள்: பெரிய சக்கரம், நிறைய சக்தி, குறைந்த எடை. மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் சக்கரம். பாதையின் குறுக்கே 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பலாவேர். முன் சக்கரம் அதில் மோதி நிற்கிறது. நின்ற நிலையிலிருந்து அதை ஏற்ற, அச்சைக் கிடையாக எவ்வளவு விசையோடு தள்ள வேண்டும்? 10 அங்குல ரிம் உள்ள ஸ்கூட்டருக்கு, அந்தச் சக்கரம் தாங்கும் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். 16 அங்குல ரிம் உள்ள மொபெட்டுக்கு ஒன்றேகால் மடங்கு. 21 அங்குல ரிம் உள்ள டிரெயில் பைக்குக்கு ஒரு மடங்கு. சக்கரம் பெரிதாகப் பெரிதாக வேர் அதன் அடிப்பக்கமாகத் தொடுகிறது. சிறிய சக்கரத்துக்கு அதே வேர் சுவர்போல எதிரே நிற்கிறது. டிரெயில் பைக்கின் முன் சக்கரம் மெலிந்து உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது சக்தி. 160 கிலோ பைக்கும் 75 கிலோ ஆளும் சேர்ந்து ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் தேவைப்படுவது ஏறக்குறைய 1.7 குதிரைசக்தி. மண் இழுப்பதையும் உரசலையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் மூன்றரைக்குள்தான். 20 குதிரைசக்தி, 40 குதிரைசக்தி என்று விளம்பரம் பேசுவது நெடுஞ்சாலை வேகத்துக்கு. மலைப்பாதையில் வேண்டியது சக்தியை மெதுவாகச் சக்கரத்துக்குக் கொடுக்கும் குட்டையான முதல் கியர். அதைவிட முக்கியம் டயரின் பிடி. இடவப்பாதி, துலாவர்ஷம் என்ற இரண்டு பருவமழைகளும் நனைக்கும் இந்த மண்ணில், செம்பாறைக் களியின் மேல் ரப்பர் இலை மக்கிக் கிடக்கும் சரிவில், பிடி விட்டுவிட்டால் எத்தனை குதிரை இருந்தும் சக்கரம் நின்ற இடத்தில் சுழன்று சேற்றை வாரி இறைக்கும்.

மூன்றாவது எடை. விழாமல் மலைப்பாதை ஓட்டியவர் யாருமில்லை. விழுந்த பைக்கைச் சரிவில் நின்று தூக்க வேண்டும், வழி தப்பினால் குறுகிய இடத்தில் திருப்ப வேண்டும், ஓடையில் சிக்கினால் தள்ள வேண்டும். இதில் எதையும் எஞ்சின் செய்யாது. உங்கள் முதுகெலும்புதான் செய்யும். பைக்கை வேனில் ஏற்றுவதும் அப்படியே. 45 சென்டிமீட்டர் உயரத் தாங்கிக்கு 1.8 மீட்டர் பலகை சாய்த்தால் எடையில் கால்பங்கு விசையோடு தள்ள வேண்டும்: 160 கிலோ பைக்குக்கு 40 கிலோ, 90 கிலோ வண்டிக்கு இருபத்திரண்டரைதான். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மாலை மழையில், நனைந்த பலகையில் இதைச் செய்யும்போது அந்தப் பதினேழரை கிலோ வித்தியாசத்தின் அருமை விளங்கும்.

விடியற்காலை பாடம்

இதையெல்லாம் கணக்கில்லாமலே கண்டுபிடித்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே குன்னத்துக்கால், வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தலைவிளக்குகள் நடமாடும். பால்வெட்டுக்குப் போகிறவர்களின் வண்டிகளில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். அடிக்கடி கண்ணில் படும். முன்னால் கால் வைக்கும் தட்டையான இடத்தில் பால் கேன், பின்னால் ஒட்டுப்பால் சாக்கு. தட்டுத் தட்டாக வெட்டிய சரிவில் ஓரடி அகலப் பாதையில் அது ஏறும். ஏற முடியாத இடத்தில் ஓட்டுகிறவர் இறங்கி, ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி கூடவே நடப்பார். வண்டி தானாக ஏறும், ஆள் கூட நடப்பார். ஆளின் எடை கழிந்ததால் எஞ்சினுக்குப் பாதிச் சுமை போயிற்று. இயற்பியல் வகுப்பில் இதைவிடத் தெளிவாக யாரும் நடத்த முடியாது.

எக்ஸ்.எல். 100-இன் எடை 90 கிலோவுக்குள். சக்தி நாலேகால் குதிரைசக்திதான். மேலே போட்ட கணக்கின்படி மலையேற அது போதும். அதன் பலவீனம் வேறு. ஒரே கியர், தானே பிடிக்கும் கிளட்ச். ஏற்றத்தில் மிக மெதுவாக நெடுநேரம் போனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறும். சக்கரமும் நடுத்தரம்தான். இரண்டு பேர் ஏறி நீண்ட மலைப்பாதை போக அது பிறக்கவில்லை.

அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஹீரோ நிறுவனம் 2011-இல் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. பைக்கைக் கொண்டுவந்தது. எடை 134 கிலோ. காலத்துக்கு முந்தி வந்ததாலோ என்னவோ விற்பனை சோபிக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். 2019-இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது: 21 அங்குல முன் சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 154 கிலோ. பின்னர் வந்த நால்வால்வு வகை 160 கிலோவை ஒட்டி நிற்கிறது. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, 2023-இல் வந்தது, 196 கிலோ. 2024 இறுதியில் கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 இங்கே விற்பனைக்கு வந்தது. பதிவுசெய்யத்தக்கது, 139 கிலோ. ஆனால் இருக்கை 880 மில்லிமீட்டர் உயரம். நம்மில் பலருக்குக் கால்விரல் நுனிதான் தரையைத் தொடும்.

இவற்றை நம் பின்பாரக் கணக்கில் போடுவோம், 40 கிலோ தாங்கியோடு. எக்ஸ்.எல். வைத்தால் வேனின் பின் அச்சில் கூடுவது ஏறக்குறைய 206 கிலோ. கே.எல்.எக்ஸ். 230 வைத்தால் 286. எக்ஸ்பல்ஸ் என்றால் 320. ஹிமாலயன் என்றால் 378. நெடுந்தூரம் ஓட்டிச் செல்ல ஹிமாலயன் அருமையான பைக். ஆனால் நெடுந்தூரத்தை வேனே ஓடிக் கடக்கும்போது அந்த அருமையை வாலில் தூக்கிச் சுமப்பது வீண் கூலி.

கட்டும் விதம்

பைக்கை ஏற்றியதும் பக்க ஸ்டாண்டில் விட்டுக் கயிறு கட்டுவது தவறு. நேராக நிறுத்தி, முன் சக்கரத்தை அதற்கான பள்ளத்தில் இறுக்கி, ஹேண்டிலுக்குக் கீழே முன்ஃபோர்க் இணையும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் போட வேண்டும். ஸ்பிரிங் பாதிக்கு மேல் அமுங்கும்வரை இழுக்கக் கூடாது. முழுக்க அமுக்கினால் எண்ணெய் சீல் கசியும், தளர்வாக விட்டால் பைக் குதித்துப் பெல்ட் கழன்றுவிடும். பின் சக்கரத்துக்கும் தனியாக ஒரு பெல்ட். வேனின் புகைக்குழாய் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். பைக்கின் டயருக்கு நேராக ஊதினால் நூறு கிலோமீட்டரில் ரப்பர் வெந்துவிடும். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லா பெல்ட்டையும் மறுபடி இழுத்துப் பாருங்கள். முதல் பத்து கிலோமீட்டரில்தான் எல்லாம் தளரும்.

இறக்கிய பிறகும் ஒரு மரியாதை உண்டு. ரப்பர் தோட்டத்துப் பாதை ஒருவருடைய நிலம்; கேட்டுவிட்டுப் போங்கள். நெய்யாறு அணைக்கு மேலே தொடங்குவது வனவிலங்குச் சரணாலயம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் பைக்கின் சக்கரம் பட வேலையில்லை.

எதை வாங்குவது?

பைக் ஷோரூமுக்குப் போவதற்கு முன், வேனில் தண்ணீரும் டீசலும் நிரப்பி, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேபிரிட்ஜுக்குப் போங்கள். பாறை லாரிகள் நிறுக்கும் இடம் போதும். முதலில் முழு வண்டியையும், பிறகு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்துக்கொள்ளுங்கள். பின் அச்சுக்கு அனுமதித்த எடையிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை 1.6-ஆல் வகுத்து, தாங்கியின் 40 கிலோவைக் கழியுங்கள். வருகிற எண்தான் நீங்கள் வாங்கக்கூடிய பைக்கின் அதிகபட்ச எடை. உதாரணமாக 300 கிலோ மிச்சம் இருந்தால் விடை 147, கே.எல்.எக்ஸ். அடங்கும், எக்ஸ்பல்ஸ் அடங்காது. 220 கிலோ மிச்சம் என்றால் விடை 97, எக்ஸ்.எல். ஒன்றுதான்.

அந்த எண் 90-க்குக் கீழே வந்தால் வருத்தப்பட வேண்டாம். பைக்கை விட்டுவிட்டு வேனை மட்டும் ஓட்டிப் போங்கள். வெள்ளறடைச் சந்திப்பிலிருந்து மலைப்பக்கம் ஏறுவதற்கு ஜீப் கிடைக்கும்.